ஸ்மூத் ஜாஸ்: சொல் விளக்கம்

சாக்ஸபோன், கிட்டார், கீபோர்டு ஆகியவற்றுள் ஒன்று பாடகரின் இடத்தில் நின்று மெட்டை எடுத்துச் செல்ல, ஆர் அண்ட் பி என்னும் கறுப்பின அமெரிக்கரின் வெகுசன இசையின் சாயல் கொண்ட தாளம் பின்னணியில் சீராக ஓட, தனி வாசிப்பு அளவோடு நிறுத்தப்படும் அமெரிக்க வாத்திய இசையை ஸ்மூத் ஜாஸ் என்ற தொடர் குறிக்கிறது. அகராதிப் பொருள் இவ்வளவே. ஆயினும் பெருநகரப் பண்பலை வானொலி நிலையங்கள் தாங்கள் தேர்ந்தெடுத்து ஒலிபரப்பிய இசைத் தொகுப்புக்கு இட்ட பெயர்தான் பின்னர் அந்த இசைக்கும், அதை வாசித்த கலைஞர்களுக்கும் பெயராயிற்று என்பதை அறியாமல் இத்தொடரைக் கையாண்டால் பொருள் பிறழும்.

தொடரின் இரண்டு சொற்களில் முதலாவது பழைய ஆங்கிலத்திலிருந்தே வழங்கி வருவது. மேடுபள்ளமோ சொரசொரப்போ இல்லாத பரப்பைக் குறிப்பது. இரண்டாவதான ஜாஸ், இசைக்கு முன்பே பேஸ்பால் ஆட்டத்தோடு சேர்ந்து அச்சேறிய சொல். 1912ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் நாளிதழ் ஒன்றில், பந்து வீச்சாளர் ஒருவர் தமது பந்துக்குச் சொன்ன பெயராக அது வருகிறது. துடிப்பு, வேகம் என்ற பொருளில் அப்போது மேற்குக் கரையில் வழங்கிய இச்சொல்லை, 1915இல் சிகாகோ நாளிதழ்கள் இசைக்குரிய பெயராக எழுதத் தொடங்கின.

இவ்விரண்டும் ஒரே தொடராக இணைந்தது 1980களின் பிற்பகுதியில். 1987 பிப்ரவரி 14 அன்று லாஸ் ஏஞ்சலஸின் ராக் இசை நிலையமான கே.எம்.இ.டி. நிறுத்தப்பட்டு, அதே 94.7 அலைவரிசையில் ‘தி வேவ்’ என்னும் நிலையம் தொடங்கியது. தொடக்கத்தில் அதில் அறிவிப்பாளர்களே இல்லை. நெடுஞ்சாலையில் மணிக்கணக்காகக் கார் ஓட்டுபவரும் அலுவலகத்தில் நாள் முழுவதும் அமர்ந்திருப்பவரும் அணைக்காமல் விட்டு வைக்கும்படி இசை மட்டுமே ஓடிக்கொண்டிருந்தது. அதே ஆண்டில் சிகாகோவில் டபிள்யூ.என்.யு.ஏ. நிலையமும், அடுத்த ஆண்டில் நியூயார்க்கில் சி.டி. 101.9 நிலையமும் இவ்வழியில் வந்தன. சிகாகோவில் நடந்த நேயர் கருத்தறியும் கூட்டம் ஒன்றில், இந்த இசையை என்ன பெயரிட்டு அழைப்பீர்கள் என்ற கேள்விக்கு நேயர் ஒருவர் தந்த விடையே ஸ்மூத் ஜாஸ் என்று நிலையங்களுக்கு ஆலோசனை வழங்கிய பிராட்காஸ்ட் ஆர்கிடெக்சர் நிறுவனத்தார் கூறி வந்தனர். அதுவரை அத்துறையில் சமகால ஜாஸ் என்ற பெயரே வழங்கியது; பில்போர்டு இதழ் 1987இல் தொடங்கிய தரவரிசைக்கும் அதுவே பெயர்.

பெயர் பிறப்பதற்கு முன்பே இசை இருந்தது என்பதற்குக் குரோவர் வாஷிங்டன் ஜூனியரின் ‘வைன்லைட்’ இசைத்தொகுப்பு நல்ல சான்று. பஃபலோவில் பிறந்து பிலடெல்பியாவில் குடியேறிய அந்தச் சாக்ஸபோன் கலைஞர் 1980இல் நியூயார்க்கில் அதைப் பதிவு செய்தார். டிரம்ஸில் ஸ்டீவ் காட், கீபோர்டில் ரிச்சர்ட் டீ, கிட்டாரில் எரிக் கேல், பேஸ் கிட்டாரில் மார்கஸ் மில்லர் எனப் பக்கவாத்தியத்தில் அமர்ந்த அனைவரும் அந்நகரின் ஒலிப்பதிவுக் கூடங்களில் அன்றாடம் வாசித்து வாழ்ந்தவர்கள். அவர்களுள் முதல் மூவரும் ‘ஸ்டஃப்’ என்ற குழுவாக மன்ஹாட்டனின் மைக்கெல்ஸ் விடுதியில் கச்சேரி செய்து வந்தவர்கள். பகலில் பிறருடைய பாடலுக்குக் கூடத்தில் வாசிப்பு, இரவில் சிறிய மேடையில் தம் விருப்பம்போல் வாசிப்பு என்ற இந்த நகர வாழ்க்கையில்தான் அந்தத் தொகுப்பின் செம்மை உருவானது. அதில் பில் விதர்ஸ் பாடிய பாடல் இசைத்தட்டில் ஏழு நிமிடத்துக்கு மேல் நீள்கிறது. ஸ்டீல் பேன் என்னும் உலோகத் தாள வாத்தியத்துக்கும் சாக்ஸபோனுக்கும் அதில் தாராளமாக இடம் கிடைக்கிறது. தனிப்பாடலாக வெளியிட்டபோது அதை நான்கு நிமிடத்துக்குள் சுருக்கினர். அந்த வடிவமே 1981இல் பில்போர்டு வரிசையில் இரண்டாம் இடம் வரை சென்றது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவருக்கு, பின்னாளில் வானொலி நிலையங்கள் எதை வைத்துக்கொண்டு எதை நீக்கின என்பது விளங்கிவிடும்.

நிலையங்களின் தேர்வு முறை கலைஞர்களின் பிழைப்பையே வகுத்தது. பாடல்களின் சில விநாடித் துணுக்குகளை நேயர்களுக்குப் போட்டுக் காட்டி, அவர்கள் முகம் சுளிக்காதவற்றை மட்டும் திரும்பத் திரும்ப ஒலிபரப்பும் சுழற்சியில் வைத்தனர். அச்சுழற்சியில் இடம்பிடித்தவருக்கு இசைத்தட்டு விற்பனையும், நகர்தோறும் திறந்தவெளிக் கச்சேரிகளும் தொடர்ந்தன. சியாட்டிலில் பிறந்து, பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படித்து, பேரி வைட்டின் குழுவிலும் பின்னர் ஜெஃப் லார்பரின் குழுவிலும் வாசித்த சாக்ஸபோன் கலைஞர் கென்னி ஜி, 1992இல் வெளியிட்ட ‘பிரெத்லெஸ்’ அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் படிகளுக்கு மேல் விற்றது. வாய்ப்புக்கு ஏற்ப வசையும் வந்தது. மறைந்த ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ஒலிப்பதிவின் மேல் கென்னி ஜி தம் வாசிப்பைச் சேர்த்து வெளியிட்டதைக் கிட்டார் கலைஞர் பாட் மெத்தினி 2000ஆம் ஆண்டில் மிகக் கடுமையாகச் சாடினார். இப்பெயரைத் தம்மீது ஒட்டிக்கொள்ள விரும்பாத கலைஞர்கள் பலர்.

பிறகு நிலையங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. எந்த நிலையத்தை எத்தனை பேர் கேட்கின்றனர் என்று அளக்க, கேட்டதை நேயர்களே குறிப்பேட்டில் எழுதித் தரும் முறைக்குப் பதிலாக, அவர்கள் உடன் வைத்திருக்கும் கருவியே பதிவு செய்யும் முறை 2007 முதல் நகரங்களில் நடைமுறைக்கு வந்தபோது இவ்வகை நிலையங்களின் மதிப்பீடு சரிந்தது. 2008 பிப்ரவரியில் நியூயார்க் நிலையமும், 2009 மே மாதத்தில் சிகாகோ நிலையமும் வேறு வகைக்கு மாறின. வானொலியை நம்பியிருந்தவர்கள் உல்லாசக் கப்பல் பயணக் கச்சேரிகளையும் கோடை விழாக்களையும் நாடிச் சென்றனர். நிலையம் போன பின்னும் பெயர் மட்டும் கலைஞர்களோடு தங்கிவிட்டது.

இனித் தமிழ்ச் சொல். ஜாஸ் என்பதை அப்படியே வைத்துக்கொள்வதே முறை. அது ஒரு மக்களின் இசைக்குரிய இயற்பெயர். சிக்கல் அடைமொழியில்தான் உள்ளது. மெல்லிசை என்பது விசுவநாதன்–இராமமூர்த்தி காலம் தொட்டுத் திரையிசை சார்ந்த பொருளில் நிலைத்துவிட்டதால், மெல்லிசை ஜாஸ் என்றால் திரைப்பாட்டின் நினைவே முந்தும். மென்மையான ஜாஸ் என்பது ஒலியின் அளவைக் குறிக்குமேயன்றி அதன் தன்மையைக் குறிக்காது. வழவழ என்ற சொல்லில் தெளிவற்ற பேச்சின் இகழ்ச்சி கலந்திருக்கிறது; எதிர்ப்பாளரின் தீர்ப்பைக் கலைச்சொல்லுக்குள் புகுத்துவது நேர்மையாகாது.

என் பரிந்துரை இழைவு ஜாஸ். தச்சர் இழைப்புளி கொண்டு மரத்தின் சொரசொரப்பைச் சீவி நீக்குவதை இழைத்தல் என்கிறோம். குரல் சுருதியோடு பிசிறின்றி ஒன்றுவதை இழைதல் என்கிறோம். வானொலி நிலையங்கள் செய்தது முன்னது, நல்ல வாசிப்பில் நாம் கேட்பது பின்னது. பழிப்பும் புகழ்ச்சியும் ஏறாமல் இரண்டையும் ஒரே சொல் தாங்குகிறது.

கையாளும்போது காலத்தைக் கவனிக்க வேண்டும். 1987க்குப் பின் இவ்வகை நிலையங்களை முன்னிட்டே இசைத்தவர்களை இழைவு ஜாஸ் கலைஞர் எனலாம். குரோவர் வாஷிங்டன் ஜூனியர், கிட்டார் கலைஞர் ஜார்ஜ் பென்சன் போன்ற முன்னோரைப் பற்றி எழுதுகையில், ‘பின்னாளில் இழைவு ஜாஸ் நிலையங்களில் பெரிதும் ஒலித்தவர்’ என்று எழுதுவதே சரியாக இருக்கும்.