செரிஃப்: எழுத்து முனையில் ஒரு கோடு

டைம்ஸ் நியூ ரோமன் எழுத்துருவில் ஆங்கிலத்தின் பெரிய ‘ஐ’யைத் தட்டிப் பாருங்கள். நட்ட கோட்டின் தலையிலும் காலிலும் குட்டியாக ஒரு குறுக்குக் கோடு தெரியும். அதுதான் செரிஃப். ஏரியலில் அது கிடையாது. எனவே அது சான்ஸ் செரிஃப். ‘சான்ஸ்’ என்றால் பிரெஞ்சில் ‘இல்லாமல்’.

டச்சு மொழியில் கோடு, கீற்று என்று பொருள்படும் ‘ஸ்க்ரேஃப்’ என்பதிலிருந்து இந்தச் சொல் வந்திருக்கலாம் என்கின்றன அகராதிகள். ‘வந்திருக்கலாம்’ என்பதைத் தாண்டி அவை போவதில்லை. அந்தக் கோட்டுக்கோ வயது மிக அதிகம். கி.பி. 113இல் ரோமில் எழுப்பிய டிராஜன் தூணின் அடிக் கல்வெட்டிலேயே அது செம்மையாக இருக்கிறது. உளி வேலையில் பிறந்தது என்று பலர் சொல்லிவந்தார்கள். அமெரிக்கப் பாதிரியார் எட்வர்ட் கேட்டிச் மறுத்தார்: கல்லில் முதலில் தட்டைத் தூரிகையால் எழுதினார்கள், உளி அதைப் பின்தொடர்ந்தது, தூரிகை திரும்பிய தடமே செரிஃப் என்றார். எனக்கு இதுவே பொருத்தமாகப் படுகிறது.

செரிஃபோடு ‘போல்டு’ (தடித்த கோடு), ‘டிஸ்ப்ளே’ (தலைப்பு, பலகை போலப் பெரிய அளவுக்கென்று வரைந்தது) இரண்டும் சேர்ந்தால்? கூப்பர் பிளாக்கைப் பார்த்தால் போதும். சிகாகோவின் ஆஸ்வால்ட் கூப்பர் வரைந்து, பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் அச்செழுத்து வார்ப்படச் சாலை 1922இல் வெளியிட்ட எழுத்துரு. கோடுகள் கொழுத்தவை, செரிஃப்கள் கூர்மையே இல்லாமல் உருண்டு, ஊதிய பலூன் போல இருக்கும். ஆங்கில ‘ஓ’வின் உள்வெளி, அதாவது கோட்டுக்குள் அடைபட்ட வெற்றிடம், சின்னது, அதுவும் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுதான் இத்தனை கனத்திலும் எழுத்துக்கு ஒரு குறும்பைத் தருகிறது. விளம்பரம், கடைப் பலகை, பொட்டலத்தின் பெயர் எல்லாவற்றுக்கும் கச்சிதம். ஈஸிஜெட் விமானத்தின் பக்கவாட்டில்கூட இந்த எழுத்துதான். பத்திக்குள் சிறிய அளவில் போட்டால் உள்வெளி அடைபட்டு வரியே கறுப்புப் பட்டையாகிவிடும். துக்கச் செய்திக்கும் வேண்டாம், சிரிக்கிற முகம் அதற்கு.

தமிழில் ‘டிஸ்ப்ளே’யை ‘அலங்கார எழுத்து’ என்று பெயர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அது அழகைக் குறித்ததல்ல, பெரிய அளவில் பார்ப்பதற்கென்று வரைந்தது என்பதே அதன் பொருள். ‘தலைப்பெழுத்து’ நெருங்கி வருகிறது. ‘போல்டு’க்குத் ‘தடித்த’ போதும். செரிஃபுக்கு ‘முனைக்கோடு’ என்பேன்; டச்சு மூலத்தின் கோடும் இருக்கிறது, இடமும் தெரிகிறது. சான்ஸ் செரிஃப், ‘முனைக்கோடிலி’. ஆக, கூப்பர் பிளாக் ஒரு தடித்த முனைக்கோட்டுத் தலைப்பெழுத்து. வாய் கொஞ்சம் வலிக்கும். அச்சகத்தில் ‘போல்டு செரிஃப்’ என்றே கேளுங்கள், தவறில்லை.

தமிழ் எழுத்துருக்களில் மட்டும் ‘முனைக்கோடு’ சிக்கல். ‘நோட்டோ செரிஃப் தமிழ்’ என்ற எழுத்துருவில் ரோமன் எழுத்துக்குரிய காலடிக் கோட்டைத் தேடினால் ஏமாறுவீர்கள். கோடு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிவதையே அங்கே ‘செரிஃப்’ என்ற பெயர் பெரிதும் சுட்டுகிறது. இத்தகைய தமிழ் எழுத்துருக்களைத் ‘தடிப்பு-மெலிவு எழுத்துரு’ என்றுவிடலாம்.