பாதியில் நிற்கும் ஸ்வெட்டர்

எங்கள் வீட்டு பீரோவின் கீழ்த்தட்டில் ஒரு மஞ்சப்பை கிடந்தது. உள்ளே ஆறு வயதுப் பிள்ளைக்கான ஸ்வெட்டரின் முதுகுப் பக்கம், 48-வது வரிசையில், ஊசியோடு அப்படியே. பெங்களூரில் இருக்கும் அக்கா மகளுக்காகக் கார்த்திகையில் ஆரம்பித்தேன். மாயவரத்தில் உட்கார்ந்துகொண்டு எதுக்கும்மா ஸ்வெட்டர் என்று கேட்காத ஆள் எங்கள் தெருவில் கிடையாது, அதையெல்லாம் சிரித்துக்கொண்டே தாண்டி முன்பக்கத்தைப் பொங்கலுக்குள் முடித்தும் விட்டேன். முதுகுப் பக்கம் தொடங்கி மாசி பாதியில் கை நின்றுபோனது. எடுப்பேன், நாலு கண்ணி போடுவேன், பெருமூச்சு விடுவேன், வைத்துவிடுவேன். "உனக்கு எப்பவும் ஆரம்ப சூரத்தனம்தான்" என்று அம்மா தீர்ப்பே எழுதிவிட்டாள்.

எனக்கு அந்தத் தீர்ப்பில் சம்மதமில்லை. ஆசையாகச் செய்த ஒன்று திடீரென்று ஏன் வேப்பங்காயாகக் கசக்கிறது என்று கொஞ்சம் படித்துப் பார்த்தேன். பார்த்தால் இதற்குள் மூன்று நாலு விஷயங்கள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன, அதில் முதல் விஷயம் மனசு சம்பந்தப்பட்டதே இல்லை.

நூல்தான். கடையில் 'உல்லன்' என்று கேட்டால் நம் ஊரில் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக், ஆட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காற்றில் ஈரப்பதம் 65 சதவீதம் இருக்கும்போது 100 கிராம் உலர்ந்த கம்பளி கிட்டத்தட்ட 16 கிராம் ஈரத்தை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும், பருத்தி 8 கிராம் சொச்சம், அக்ரிலிக் வெறும் 2 கிராம் அளவுக்குத்தான். காவிரிக் கரையில், அதுவும் கடல் அத்தனை பக்கத்தில் இருக்கிற ஊரில், மாசி தாண்டினால் உள்ளங்கை வேர்க்க ஆரம்பித்துவிடும். அந்த வேர்வையை அக்ரிலிக் குடிக்காது, நூலின் மேலேயே நிற்கும். ஈரத்தோலுக்கு உராய்வு அதிகம், அதனால் விரலைச் சுற்றி நழுவிப் போக வேண்டிய நூல் ஒட்டிக்கொண்டு இழுபடும், நாம் அறியாமலே இறுக்கிப் பிடிப்போம், கண்ணி சின்னதாகும், அடுத்த வரிசையில் ஊசி முனை அதற்குள் நுழைய மறுக்கும், அப்புறம் மணிக்கட்டு வலி.

இறுக்கம் என்ன செய்யும் என்பதற்கு என் ஸ்வெட்டரே சாட்சி. வரிசைக்கு 70 கண்ணி. மார்கழிக் குளிரில் பத்து சென்டிமீட்டருக்கு 20 கண்ணி விழுந்தது, அந்தக் கணக்கில் அகலம் 35 சென்டிமீட்டர். மாசியில் அதே பத்து சென்டிமீட்டரில் 22 கண்ணி. கணக்குப் போட்டால் 31.8 சென்டிமீட்டர். ஊசி, நூல், ஆள் எதுவும் மாறவில்லை, மூன்று சென்டிமீட்டருக்கு மேல் காணாமல் போயிருக்கிறது! டேப்பை வைத்து அளந்த பிறகுதான் தெரிந்தது, சலிப்பு என்று நான் நினைத்ததில் பாதி வெறும் கைவலி. பருத்தி நூலுக்கு மாறலாமே என்றால், அது வேர்வையைக் குடிக்கும், ஆனால் இழுத்தால் கொடுத்துத் திரும்புகிற தன்மை கம்பளி அளவுக்குக் கிடையாது, அதனால் இழுக்கிற வேலை முழுக்க விரலில் விழும். நான் மடியில் ஒரு துண்டு போட்டுக்கொண்டேன், அவ்வளவுதான் என் கண்டுபிடிப்பு.

சரி, மீதிப் பாதி? அது மண்டைக்குள்.

திருபுவனத்துத் தறியைப் பார்த்திருப்பீர்கள், பாவு நீளவாக்கில், ஊடை குறுக்கே, இரண்டு கூட்டம் நூல் சேர்ந்தால்தான் துணி. ஊசிப் பின்னலில் ஒரே நூல். அதை வளைத்து ஒரு கண்ணி, அந்தக் கண்ணிக்குள் நுழைத்து இன்னொரு கண்ணி, கடைசிவரை இதுவேதான். 70 கண்ணி, 100 வரிசை என்றால் 7,000 தடவை அதே அசைவு. அதையும் ஏற்கெனவே முன்பக்கத்துக்கு ஒருமுறை செய்து முடித்தாகிவிட்டது. இனி வரப்போவதில் எனக்குத் தெரியாதது ஒன்றுமே இல்லை, மூளைக்கு அங்கேதான் பிரச்சினை.

மூளையில் சுரக்கும் டோபமைனை 'சந்தோஷ ரசாயனம்' என்று சொல்வது இப்போது ஃபேஷனாகிவிட்டது, எனக்கு அந்தப் பேரே பிடிக்காது. வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற நரம்பியல் ஆய்வாளர் குரங்குகளை வைத்துச் செய்த சோதனைகள் வேறு கதை சொல்கின்றன. எதிர்பாராமல் வாயில் ஒரு சொட்டு பழச்சாறு விழுந்தால் டோபமைன் நரம்பணுக்கள் படபடவென்று துடிக்கும். சாறு வருவதற்கு முன் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு பழகிவிட்டால், துடிப்பு விளக்குக்குப் போய்விடும், சாறு வரும்போது ஒன்றும் நடக்காது. விளக்கு எரிந்தும் சாறு வரவில்லையென்றால், வழக்கமாக ஓடிக்கொண்டிருக்கும் துடிப்பும் அந்த நொடியில் அடங்கிப்போகும். நினைத்ததற்கும் கிடைத்ததற்கும் இடையில் உள்ள வித்தியாசத்தைத்தான் அந்த அணுக்கள் சொல்கின்றன என்று 1997-ல் அவரும் பீட்டர் தயானும் ரீட் மாண்டேகும் எழுதினார்கள். நினைத்தபடியே நடந்தால் சேதி ஒன்றுமில்லை.

குரங்கிலிருந்து ஸ்வெட்டருக்குத் தாவுவது என் யூகம்தான், ஆனால் பின்னுகிற எவருக்கும் இது பொருந்தி வரும். முதல் வாரத்தில் ஒவ்வொரு கண்ணியும் 'அட, விழுந்துடுச்சே'. மூன்றாவது மாதத்தில் 69 கண்ணி சரியாக விழுந்தால் ஒன்றும் தோன்றாது, 70-வது தப்பினால் மட்டும் சுருக்கென்று குத்தும். நன்மைக்குக் கூலி இல்லை, தப்புக்கு மட்டும் அபராதம் என்றால் எந்த வேலையும் கசக்கத்தான் செய்யும்.

நான் கையை விட்ட நாளும் அப்படி ஒரு நாள்தான். 48-வது வரிசை முடித்துத் தள்ளிப் பிடித்துப் பார்த்தால், 36-வது வரிசையில், நட்ட நடுவில், வழுவழுவென்று இருக்க வேண்டிய முன்புறத்தில் ஒரு முண்டு. முண்டு பின்னால் போகும் நேர்ப் பின்னல் வர வேண்டிய இடத்தில், முண்டு முன்னால் நிற்கும் புறப் பின்னல் போட்டிருக்கிறேன். பன்னிரண்டு வரிசையையும் பிரிப்பதா என்று நினைத்தபோதே உயிர் போய்விட்டது.

பிரிக்கவே வேண்டாம் என்பது வைகாசியில்தான் உறைத்தது. அந்தத் தப்புக்கு நேர் மேலே இருக்கிற ஒரே ஒரு கண்ணியை ஊசியிலிருந்து வேண்டுமென்றே நழுவ விட வேண்டும். அதற்கு நேர் கீழே அடுக்காக இறங்கும் கண்ணிப் பத்தி மட்டும் தப்பு வரை அவிழும், பக்கத்துப் பத்திகள் அசையாது, ஏனென்றால் ஒவ்வொரு வரிசையின் நூலும் குறுக்கே போய்க்கொண்டே இருக்கிறது, அவிழ்ந்த கண்ணி தன் நூலை மட்டும்தான் விட்டுக்கொடுக்கிறது. இப்போது நடுவில் பன்னிரண்டு படி வைத்த ஒரு குட்டி ஏணி நிற்கும். தப்புக் கண்ணியையும் அவிழ்த்தால் பதின்மூன்று. குரோஷா ஊசியின் கொக்கியை அடிக் கண்ணிக்குள் முன்புறமிருந்து விட்டு, முதல் படியைக் கவ்வி வெளியே இழுத்தால், அந்தப் படி புதுக் கண்ணியாகிவிடும். அதற்குள் கொக்கி, அடுத்த படி, இழு. மூன்று நிமிஷத்தில் மேலே வந்து சேர்ந்தேன். முண்டு இல்லை. அன்றைக்கு என் மூளையில் எந்த அணு துடித்ததோ தெரியாது, ஆனால் நான் எழுந்து போய் அம்மாவிடம் காட்டினேன்.

இதோடு போயிற்றா என்றால் இல்லை, நடுப்பகுதி என்று ஒரு சனியன் இருக்கிறது. 1934-ல் கிளார்க் ஹல் என்ற உளவியலாளர், தீனி இருக்கிற முனையை நெருங்க நெருங்க எலி வேகமாக ஓடுகிறது என்று காட்டினார். மனிதரும் அப்படித்தான், கூடவே ஒரு கிறுக்கு வேறு. ஆரம்பத்தில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று திரும்பிப் பார்க்கிறோம், முடிவு நெருங்கும்போது எவ்வளவு பாக்கி என்று முன்னால் பார்க்கிறோம். பத்து வரிசை முடித்தவளுக்கு அடுத்த ஒரு வரிசை, முடித்ததில் பத்தில் ஒரு பங்கு. பத்து வரிசை பாக்கி இருப்பவளுக்கும் ஒரு வரிசை என்பது பத்தில் ஒரு பங்கு. ஐம்பதில் நிற்பவள்? எந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாலும் ஐம்பதில் ஒரு பங்கு. அதே உழைப்பு, அதே ஒரு வரிசை, மதிப்பு மட்டும் ஐந்தில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. 2011-ல் வந்த ஒரு ஆய்வு இதைத்தான் சொன்னது, இலக்கின் நடுவில்தான் ஊக்கம் அடிமட்டத்துக்குப் போகிறது என்று. நான் நின்றது 48-ல். அம்மாவிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன், "நல்லா வக்கணையா பேசு" என்றாள்.

நடுவைச் சின்னதாக்குவதுதான் வழி. எம்பிராய்டரி டப்பாவில் கிடந்த சிவப்பு, பச்சை நூல் துண்டுகளை எடுத்துப் பத்து வரிசைக்கு ஒன்றாக ஓரத்தில் கட்டிவைத்தேன். நூறு வரிசை வேலை பத்து குட்டி வேலையாகிவிட்டது, ஒவ்வொன்றிலும் நடு என்பது வெறும் ஐந்தாவது வரிசை. சிறுபிள்ளைத்தனமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் வேலை செய்கிறது.

இன்னொரு வகைத் தேக்கம் உண்டு, அது சலிப்பு இல்லை, 'எனக்கு இனிமே வராது' என்கிற எரிச்சல். தந்தி காலத்தில், 1897-லும் 1899-லும், பிரையன், ஹார்ட்டர் என்ற இருவர் அமெரிக்காவில் தந்தி அடிக்கப் பழகுபவர்களை வாராவாரம் அளந்து பார்த்தார்கள். சேதி வாங்கும் வேகம் ஏறுகிறது, ஏறுகிறது, அப்புறம் வாரக்கணக்கில் ஒரே மட்டத்தில் நிற்கிறது, திடீரென்று மறுபடி ஏறுகிறது. எழுத்து எழுத்தாகக் கேட்டவர்கள் சொல் சொல்லாகக் கேட்கத் தொடங்குவதற்கு முன்னால் வரும் இடைவெளி அது என்பது அவர்கள் விளக்கம், எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை ஒரு நாள் கடகடவென்று படிக்க ஆரம்பிக்குமே, அந்த மாதிரி. எல்லாரும் இதை ஒத்துக்கொள்ளவில்லை, ஃபிரெட் கெல்லர் என்ற உளவியலாளர் 1958-ல், ஒரே மட்டத்தில் நிற்கிற இந்த மேட்டையே 'பேய் மேடு' என்று கிண்டலடித்தார், எல்லோருக்கும் கட்டாயம் வரும் கட்டம் இல்லை என்றார். எனக்குப் படுவது, மேடு எல்லோருக்கும் வருகிறதோ இல்லையோ, எழுத்திலிருந்து சொல்லுக்குப் போகிற அந்த மாற்றம் உண்மை. எங்கள் கோயில் வாசலில் பூ கட்டும் அம்மாவைப் பாருங்கள், காக்கட்டானை இரண்டு இரண்டாக வைத்து நாரைச் சுழற்றும்போது அவர் கண் ரோட்டில் இருக்கும், பேச்சு மருமகளைப் பற்றி இருக்கும், முழம் மட்டும் வளர்ந்துகொண்டே போகும். 'நாரை எந்த விரல்ல சுத்துறீங்க' என்று ஒருநாள் கேட்டேன். கை நின்றுவிட்டது. யோசித்தார், திரும்பக் கட்டினார், முடிச்சு தப்பியது. "போம்மா அந்தாண்டை" என்று விரட்டிவிட்டார். பழகிய கையை மூளை மேற்பார்வை பார்க்கக் கூடாது. தேக்கம் வந்தவுடன் நாம் செய்வது அதைத்தான், ஒவ்வொரு கண்ணியையும் முறைத்துப் பார்ப்பது.

கொஞ்ச நாள் விட்டால் மறந்துபோகுமோ என்ற பயத்துக்கும் ஒரு பதில் இருக்கிறது. ஹென்றி மொலைசன் என்பவருக்கு 1953-ல் வலிப்புக்காக மூளை அறுவை சிகிச்சை நடந்தது, அதற்குப் பிறகு புதிதாக எதுவுமே அவர் நினைவில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரைக் கண்ணாடியில் பார்த்தபடியே நட்சத்திரம் வரையச் சொன்னார், மூன்று நாள். ஒவ்வொரு நாளும் 'இதை நான் செய்ததே இல்லையே' என்பார், ஆனால் கை நாளுக்கு நாள் தேறிக்கொண்டே வந்தது. கைப்பழக்கம் வேறொரு அறையில் இருக்கிறது. மூன்று மாதம் கழித்து ஊசியை எடுத்தபோது டிசைன் பேப்பர்தான் எனக்குப் புரியவில்லை, விரலுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

அந்த மூன்று மாதமும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. நம் பக்கத்தில் தை மாதம் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடியே, நிற்கிற பயிருக்குள் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள், வயலில் மிச்சமிருக்கிற ஈரத்திலேயே அது வளர்ந்து காசாகிவிடும், மண்ணுக்குத் தழைச்சத்தும் சேரும். நானும் அந்த மாதிரி மிச்ச நூலில் ஒரு பொம்மை முயல் போட்டேன். இரண்டு ராத்திரி வேலை, நடு என்பதே கிடையாது, காது எப்படி வரும் என்பது கடைசிவரை தெரியாது. ஒரு காது பெரிசு.

ஒன்றே ஒன்றை மட்டும் செய்யாதீர்கள் என்பேன், ஆர்டர் எடுப்பது. தெருவில் ஒருவர் 'காசு தர்றேன், என் பேரனுக்கும் ஒண்ணு' என்றார், பெருமையில் தலையாட்டிவிட்டேன். அதற்கப்புறம்தான் கை முழுசாக நின்றது. 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் நர்சரிப் பிள்ளைகளிடம் ஸ்கெட்ச் பேனா கொடுத்துப் பார்த்தார்கள். வரைந்தால் பரிசுச் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்த பிள்ளைகள், பிற்பாடு சும்மா விளையாட விட்டபோது, பரிசே இல்லாமல் வரைந்த பிள்ளைகளைவிட ஏறக்குறைய பாதி நேரம்தான் பேனாவைத் தொட்டார்கள். சொல்லாமல் கொள்ளாமல் பரிசு கொடுத்த பிள்ளைகளுக்கு ஒரு குறையும் இல்லை. அந்தப் பேரனுக்கு முயலைக் கொடுத்துக் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், காதைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை.

ஆனி பிறந்துவிட்டது. விடிகாலையில் திண்ணையில் உட்கார்ந்து, வேர்ப்பதற்கு முன்னால், பச்சை நூலிலிருந்து சிவப்பு நூல் வரை. நேற்றோடு 81. போனில் "சித்தி, என் ஸ்வெட்டர் வளர்ந்துடுச்சா?" என்று கேட்டாள், அவள் வளர்ந்திருப்பாளே என்பதுதான் இப்போது என் கவலை. இனிமேல் கழுத்து, முன்பக்கத்துக்குக் கண்ணி குறைத்த கணக்கு முதுகுக்கு ஒத்துவராது, அதை எழுதி வைத்திருந்த பேப்பரை எங்கே சொருகினேன் என்று பீரோவைக் குடைந்துகொண்டிருக்கிறேன்.