சிலீபதம்: கல்லா, யானையா, நூலா?

அத்தைக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை வீட்டுப் பரணில் கிடைத்த பழைய கஷாயப் புட்டியை நீட்டி, "இதுல என்ன போட்டிருக்கு?" என்றார். எழுத்துக்கூட்டி "ஸ்லீபதம்" என்றேன். "அப்படின்னா?" "மந்து, அத்தை." "அட, யானைக்காலா! அதை நேரா எழுதித் தொலைச்சா என்ன?"

நியாயமான கேள்விதான். ஸ்லீபதம் வடசொல். சிலை என்றால் கல், பதம் என்றால் கால்; கல்லாக இறுகிய கால் என்று ஆயுர்வேதத்தில் பொருள் சொல்வார்கள். தமிழ் எழுத்தில் சிலீபதம். ஆனால் யானைக்கால் இருக்க இது எதற்கு? அரபியரும் 'யானை நோய்' என்றுதான் சொன்னார்கள். கிரேக்கர் யானையின் பெயரில் சொன்னதோ தொழுநோயை. பின்னால் மொழிபெயர்ப்பில் இரண்டும் குழம்பின. மந்து மலையாளச் சொல். பாலக்காட்டுப் பக்கம் அந்தச் சொல்லைக் கேட்டாலே மலையாளக் கதைகளில் வரும் கிறுக்கு ஞானி நாராணத்துப் பிராந்தன் நினைவுக்கு வருவார். காளி வரம் கேள் என்றதும், ஒரு காலில் இருக்கும் மந்தை மறுகாலுக்கு மாற்று போதும் என்றாராம்.

சரி, டாக்டர்கள் சொல்லும் பைலேரியா? லத்தீனில் நூலிழையைக் குறிக்கும் சொல்லில் பிறந்தது. கொசு வழியே உடம்பில் ஏறி நிணநீர்க் குழாயில் குடியிருக்கும் நூல் போன்ற புழு. புழு இருந்தும் கால் வீங்காதவர்கள் ஏராளம். ஆகவே தொற்றுக்கு நூற்புழு நோய், வீங்கிய காலுக்கு யானைக்கால் என்று பிரித்துச் சொல்வதே என் வழக்கம்.

புட்டியில் இன்னொரு வடசொல்லும் இருந்தது: சாகோடகம். நம்ம பராய் மரம்தான் அது. திருச்சிக்கு மேற்கே காவிரிக்கரையில் இருக்கும் திருப்பராய்த்துறைக்குப் பெயர் தந்த தலமரம். இலையைத் தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். அதன் பட்டையைத்தான் யானைக்காலுக்குக் கஷாயம் வைப்பார்கள். வெறும் பாட்டி வைத்தியம் என்று தள்ளவும் முடியாது. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் அந்தப் பட்டையிலிருந்து ஆஸ்பரோசைடு, ஸ்ட்ரெப்ளோசைடு என்ற இரண்டு பொருள்களைப் பிரித்து, அவை நூற்புழுவைக் கொல்வதை விலங்குகளில் கண்டது. வம்பு என்னவென்றால், இரண்டுமே இதயத்தைத் தாக்கும் வகையைச் சேர்ந்தவை. அளவு பிசகினால் புழுவோடு நிற்காது. இன்றும் ஊர் ஊராகக் கொடுப்பது டி.இ.சி. (டை எத்தில் கார்பமசின்) என்ற நூற்புழு மாத்திரைதான்.

"எவ்வளவு குடிக்கணும்னு போட்டிருக்கா?" என்றார் அத்தை. அந்த இடத்தில் மட்டும் சீட்டைக் கரப்பான் அரித்திருந்தது.