‘லோல்’ என்று முடியும் குளிசை

உங்கள் கிளினிக் கொப்பியில் அற்றெனோலோல், பிசோப்ரோலோல், மெற்றோப்ரோலோல், கார்வெடிலோல் என்று ‘லோல்’ என முடியும் பெயர் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். ஊரில் அதைப் பிரஷர் குளிசை என்றுதான் சொல்கிறார்கள். பீற்றா தடுப்பான் எனப்படும் இந்த வகை, இரத்த அழுத்தத்தோடு இதயத்தின் மின்கடத்தலிலும் கைவைக்கிறது. நெரிசலான கிளினிக்கில் அதை விளக்க யாருக்கு நேரம்!

இதயத்தின் வலது மேலறையில் பிறக்கும் மின்துடிப்பு, கீழறைகளுக்கு இறங்குமுன் ஏ.வி. கணுவில் சற்றுத் தாமதிக்கிறது. அந்தக் கணுவைக் குளத்துத் துருசு என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்ரினலின் அதை அகலத் திறக்கும். பீற்றா தடுப்பான் ஒடுக்கும். துடிப்பு பிறக்கும் வேகத்தையும் அது குறைக்கும். மேலறைகள் தாறுமாறாக நடுங்கும் நோயில் நாங்கள் இதைக் கொடுப்பதே அதற்காகத்தான்.

ஈசிஜி தாளில் ஒரு சிறு கட்டம் 0.04 செக்கன். மேலறை அலை தொடங்கி கீழறை அலை தொடங்கும்வரை மூன்று முதல் ஐந்து கட்டங்கள் இருப்பது வழமை. ஐந்தைத் தாண்டினால் மின்கடத்தலில் முதல்நிலைத் தடை. பெரும்பாலும் கண்காணித்தாலே போதும். மேலறை அலை வந்தும் கீழறை அலை விடுபட்டுப்போனால் கதை வேறு.

செட்டிகுளம் பக்கத்து விவசாயி ஒருவரை வயலில் மயங்கி விழுந்த நிலையில் கொண்டுவந்தார்கள். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 36. “குளிசையைக் கூட்டவும் இல்லை, மாற்றவும் இல்லை டொக்டர்” என்றார் மனைவி. உண்மைதான். மாறியிருந்தது அவருடைய சிறுநீரகம். ஏற்கெனவே பழுதுபட்டிருந்த அது, இரண்டு நாள் வயிற்றோட்டத்தில் இன்னும் தளர்ந்துவிட்டது. அவர் எடுத்துவந்த அற்றெனோலோல் பெரும்பாலும் சிறுநீர் வழியே வெளியேறுவது. வெளியேறாமல் உடலில் தேங்கியது. கூடவே பொட்டாசியமும் ஏறி மின்கடத்தலை மேலும் தடுத்தது. இதயம் மெதுவாகத் துடிக்க, சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறைந்தது. மருந்து இன்னும் தேங்கியது. காரணம் தெரியாத சிறுநீரக நோய் பரவியிருக்கும் வவுனியா மாவட்டத்தில் இந்தச் சுழலை நான் எப்போதும் மனதில் வைத்திருக்கிறேன். சிறுநீரக நோயாளிகள் வெயிலுக்கென்று அளவில்லாமல் இளநீர் குடிப்பதும் நல்லதல்ல; அதில் பொட்டாசியம் நிறைய.

பிரஷருக்குக் கொடுக்கும் வேறு வகை மருந்துகளான வெராபமில், டில்ரியாசெம் ஆகியவையும் அதே கணுவைத்தான் ஒடுக்குகின்றன. கண் அழுத்தத்துக்குப் போடும் ரிமோலோல் சொட்டு மருந்தும் இரத்தத்தில் கலந்து நாடியைக் குறைக்கக்கூடும். கனடாவிலிருந்து மகன் அனுப்பிய குளிசை, வேறு பெயரில் வந்த இன்னொரு ‘லோல்’ ஆக இருக்கலாம்.

இதைப் படித்துவிட்டு இன்றிரவே குளிசையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலி, மாரடைப்புவரை போகலாம். ஓய்வாக இருக்கும்போது நாடி 50க்குக் கீழே போய், தலைச்சுற்று, மயக்கம், மூச்சு வாங்குதல் இருந்தால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். வயிற்றோட்டமோ வாந்தியோ நின்றபாடில்லை என்றாலும் அப்படியே. வரும்போது கொப்பி மட்டும் போதாது. கண் சொட்டு மருந்து, வெளிநாட்டுக் குளிசை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்.