மாரி மழையில குசினிக் கதவைச் சீவ விடாதேங்கோ

போன கார்த்திகை மாசம் விடியக்காலமை ஒரு போன். "தம்பி, நீர் செய்து தந்த கபேட் கதவு பூட்டுப்படுதில்லை, வந்து ஒருக்கா சீவி விடும்" எண்டு விசுவமடுப் பக்கத்து அக்கா ஒராள். நான் சொன்னன், அக்கா பங்குனி வரைக்கும் பொறுங்கோ எண்டு. அவவுக்குச் சரியான கோவம். காசையும் வேண்டிப்போட்டு நாலு மாசம் பொறுக்கச் சொல்லுறான் எண்டு அயல் முழுக்கச் சொல்லியிருப்பா, சொல்லட்டும். ஆனா நான் ஏன் அப்பிடிச் சொன்னனான் எண்டதைப் போனில விளங்கப்படுத்த ஏலாமப் போச்சு, அதை இஞ்ச எழுதுறன். எழுத வெளிக்கிட்டால் மற்றக் கதைகளும் சேர்ந்து வருது.

நான் ஓடாவி. அப்பாவும் ஓடாவி. மரத்தை வெட்டி அரிஞ்சு பலகையாக்கினாப் பிறகும் அது தண்ணி குடிக்கிறதை நிப்பாட்டாது. காத்தில ஈரம் கூடினால் குடிச்சு அகலப் பக்கமாப் பருக்கும், ஈரம் குறைஞ்சால் சுருங்கும், நீளப் பக்கம் மட்டும் பெரிசா அசையாது. வன்னியில இந்த ஆட்டம் கொஞ்சம் கூட, ஏனெண்டால் எங்களுக்கு வருசத்து மழையில பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழி தைக்குள்ளதான் கொட்டித் தீர்க்குது, பிறகு ஆனி ஆடியில சோளகக் காத்து அடிக்கேக்க குளக்கட்டே வெடிச்சுப்போய்க் கிடக்கும். மாரியில பருத்து நிக்கிற கதவைச் சீவினால் அண்டைக்கு நல்லாத்தான் பூட்டுப்படும், ஆடியில பாத்தால் சுண்டுவிரல் போற நீக்கல்.

நான் வேலை பழகின காலத்தில இதே பிழையை நானே விட்டனான். ஒரு வீட்டில மார்கழி மழைக்கை, அப்பா இல்லாத நேரம், சீவுளியை எடுத்து ரெண்டு இழுவை. வீட்டுக்கார அம்மாவுக்குப் புழுகம், தேத்தண்ணியும் பணிசும் தந்தவ. அடுத்த ஆடிக்கு அந்த நீக்கலுக்குள்ளால பல்லியும் கரப்பொத்தானும் போய்வருதெண்டு அதே அம்மா அப்பாவைக் கூப்பிட்டு ஏசினவ. கதவு முழுக்கக் கழட்டி ஓரத்துக்குச் சட்டம் ஒட்டித்தான் சரிப்படுத்தினது, அந்தக் கூலி என்ரை கணக்கில.

கதவு இறுகினால் முதல் ஒரு பேப்பர்த் துண்டை எடுங்கோ. கதவுக்கும் சட்டத்துக்கும் இடையில வைச்சு மேலயிருந்து கீழ இழுத்துப் பாருங்கோ, எங்க சிக்குதோ அதுதான் இடம். பிணைச்சலுக்கு எதிர்ப்பக்கம் மேல் மூலையில மட்டும் சிக்கினால் மரம் பருக்கேல்லை, பிணைச்சல் ஆணி இளகிக் கதவு தொங்கிப்போச்சு, முறுக்கிவிட்டால் சரி. ஓட்டை பெருத்து ஆணி சும்மா சுத்துதெண்டால் ரெண்டு மூண்டு நெருப்புக்குச்சியை மருந்துத் தலையை முறிச்சுப்போட்டு மரப்பசையில தோய்ச்சு ஓட்டைக்குள்ள இறுக்கி, காஞ்சபிறகு அதே ஆணியை ஏத்துங்கோ. மேலயிருந்து கீழ வரைக்கும் முழுக்கச் சிக்கினால்தான் அது மாரிப் பருமன். அதுக்கு மெழுகுதிரியை ஓரத்தில நல்லாத் தேய்ச்சுப்போட்டுப் பொறுங்கோ. லாச்சி இறுகினாலும் இதே மெழுகுதிரிதான்.

பங்குனி சித்திரையில காஞ்சபிறகு செய்யவேண்டிய வேலை வேற. கதவின்ரை மேல் ஓரமும் கீழ் ஓரமும் கண்ணுக்குத் தெரியாத இடம், அதால பெயின்ற் அடிக்கிற ஆக்கள் முக்கால்வாசிப் பேர் அதைத் தொடவே மாட்டினம். மரம் தண்ணி குடிக்கிற வாயே அதுதான். அந்த ரெண்டு ஓரத்துக்கும் வார்னிஷோ பெயின்றோ ரெண்டு தரம் அடிச்சுவிட்டால் அடுத்த மாரிக்குப் பாதிப் பிரச்சினை இல்லை. அந்த அக்காவின்ரை கதவுக்கும் இதைத்தான் செய்தனான், சீவுளியைப் பையில இருந்து எடுக்கவேயில்லை.

சரி, கதவை விடுவம், பெரிய கள்ளன் நிலத்தில நிக்கிறான்.

எங்கட சனம் குசினி கழுவுறதில வலு கெட்டி. 2009இல சண்டை முடிஞ்சபிறகு மீளக்குடியேறி வந்தவை கோப்பை, கரண்டியில இருந்து எல்லாத்தையும் புதுசாத்தான் சேர்த்தவை. வீட்டுத்திட்டத்தில வீடு கட்டி, கட்டின காசில மிச்சம் பிடிச்சு, சீட்டுப் பிடிச்சு வேண்டின முதல் அலுமாரி எண்டால் அதில தூசு நிக்க விடுவினமே. வாளித் தண்ணியை அடிச்சு ஊத்தி, விளக்குமாறால தள்ளி, அந்தத் தண்ணி முழுக்க அலுமாரிக் காலுக்குக் கீழால ஓடும். நான் திருத்தப் போற குசினித் தளபாடத்தில கனக்க, பழசாப்போய்க் கெட்டதில்லை, காலடியில இருந்து ஊறிக் கெட்டதுதான்.

மரத்தின்ரை குறுக்குவெட்டைப் பாத்திருப்பியள், கட்டுக்கட்டாக் குழல் அடுக்கின மாதிரி. நிண்ட மரத்தில வேரில இருந்து இலைக்குத் தண்ணி போன பாதை அது. அலுமாரிக் கால் நிலத்தில ஊண்டி நிக்கேக்க அந்தக் குழல் வாயெல்லாம் உங்கட ஈரச் சீமெந்தில வைச்சபடி நிக்குது. பக்கவாட்டில பட்ட தண்ணி துடைச்சால் போயிடும், அடியால ஏறினது இறங்காது. அதுக்கு நான் எல்லாருக்கும் செய்துகுடுக்கிறது சின்ன வேலை: அலுமாரியைச் சரிச்சு, காலடியைக் காயவிட்டு, எனமல் பெயின்ற் ரெண்டு பூச்சு, அதுக்கு மேல பழைய சைக்கிள் ரயர்த் துண்டைக் கால் அளவுக்கு வெட்டிச் சின்ன ஆணியால அடிக்கிறது. செலவு எண்டு ஒண்டுமில்லை. கழுவுறதையும் விடத் தேவையில்லை, ஆனா அலுமாரிப் பக்கம் பிழிஞ்ச துணியால துடையுங்கோ.

மெலமைன் போட் அடிச்ச பான்ட்ரி கபேட் வைச்சிருக்கிறவை இன்னும் கவனம். அது மரத்தூளையும் சிராயையும் பசை போட்டு அமத்தினது, மேல ஒட்டின சீற்தான் அதுக்குக் கவசம். ஓரத்துப் பட்டி ஒரு இடத்தில கழண்டால் அதுக்குள்ளால தண்ணி போய்ப் பாண் ஊறின மாதிரி ஊதும், ஊதினது காஞ்சாலும் பழைய மொத்தத்துக்குத் திரும்பாது. சிங்குக்குக் கீழ இருக்கிற தட்டுத்தான் முதல் போறது. கிழமைக்கு ஒருக்கா சிங்குக் குழாய் மூட்டைக் கையால தடவிப் பாருங்கோ, கண்ணுக்குத் தெரியாத கசிவு கைக்குத் தெரியும்.

2018 மார்கழி வெள்ளம் இதை வடிவாக் காட்டினது. இரணைமடுக் குளத்தின்ரை வான்கதவுகள் திறந்து கண்டாவளைப் பக்கமெல்லாம் தண்ணி நிண்டு வடிஞ்சபிறகு நான் வீடு வீடாத் திரிஞ்சன். போட் கபேட்டுகள் மண்வெட்டியால அள்ளிக் கொட்டுற நிலை. முதிரையும் தேக்கும் சேறு பூசிக்கொண்டு அப்பிடியே நிண்டுது. ஆனா அதையும் சனம் வெயிலுக்கை தூக்கி வைச்சே கெடுத்துப்போட்டுது, ஏனெண்டால் வெளித்தோல் கெதியாக் காஞ்சு உள்ளுக்கு ஈரம் நிக்கேக்க பலகை முறுகி வெடிக்கும். வெள்ளம் பட்ட மரத்துக்கு முதல் நல்ல தண்ணியால சேறு கழுவி, லாச்சியெல்லாம் வெளிய எடுத்து, கதவைத் திறந்துவிட்டு, நிழலில, காத்து ஓடுற இடத்தில, கல்லு வைச்சு உயர்த்தி நிப்பாட்டவேணும். கிழமைக்கணக்கில எடுக்கும். அவசரப்பட்டு மேல பெயின்ற் அடிச்சால் ஈரத்தை உள்ளுக்கை பூட்டினதுதான் மிச்சம்.

எறும்புக்காக அலுமாரிக் காலைத் தண்ணிப் பேணிக்குள்ள வைக்கிற பழக்கம் எங்கட அம்மம்மா காலத்தில இருந்து வாறது, கம்பிவலை அடிச்ச சாப்பாட்டு அலுமாரிக்கு நாலு மீன்ரின் பேணி. எறும்பு வராது, உண்மை. ஆனா கால் இரவு பகலா ஊறுது, மற்றது அந்தப் பேணிக்குள்ள டெங்கு நுளம்பு முட்டை போடும். உப்புப் போட்டால் நுளம்பு வராதெண்டு சொல்லுறவை இருக்கினம், யாழ்ப்பாணப் பக்கம் உவர்த் தண்ணியிலயும் டெங்கு நுளம்பு பெருகுறதை ஆராய்ச்சிக்காரர் கண்டு எழுதியிருக்கினம், அதால அதை நம்பேலாது. பேணி வைக்கத்தான் வேணுமெண்டால் உள்ளுக்கை ஒரு கல்லை வைச்சு அதுக்கு மேல காலை நிப்பாட்டுங்கோ, கால் தண்ணியில முட்டக்கூடாது. கிழமைக்கு ஒருக்கா தண்ணியை ஊத்திப்போட்டுப் பேணிச் சுவரைத் தும்பால உரஞ்சுங்கோ, முட்டை சுவரிலதான் ஒட்டிக்கிடக்கும். எனக்குப் பிடிச்சது பேணியே இல்லாம, கால் நடுவில கிறீஸ் ஒரு வளையம் பூசி விடுறது. வடிவில்லைத்தான்.

கறையானுக்கு வருவம். முதல் மழைக்கு ஈசல், அதுதான் செட்டை முளைச்ச கறையான், பறக்கும், அடுத்த நாள் விடிய யன்னலடியில செட்டை குவிஞ்சு கிடந்தால் அதைக் கூட்டி அள்ளிக் கொட்டிப்போட்டு இருக்காதேங்கோ. கிட்ட எங்கயோ புத்து இருக்கு. அலுமாரியைச் சுவரோட ஒட்டி வைக்கிறதுதான் எங்கட பெரிய பிழை, ரெண்டு இஞ்சி தள்ளி வைச்சால் பின்னுக்கு ரோச் அடிச்சுப் பாக்கலாம். பென்சில் மொத்தத்தில மண் கோடு சுவரில ஏறிக்கிடந்தால் அது கறையான் பாதை. துடைச்சால் காணாது, நிலமும் சுவரும் சேருற இடத்தில எந்த வெடிப்பால ஏறுதெண்டு பாக்கவேணும். பலகையைத் திருப்புளிப் பிடியால தட்டிப் பாருங்கோ, நல்ல மரம் 'டக்' எண்டும், உள்ளுக்கு திண்டது வெறும் பெட்டி மாதிரிக் கேக்கும். மா மாதிரி மெல்லிசாத் தூள் கொட்டுதெண்டால் அது கறையானில்லை, உளு. உளு கூடுதலா வெளிப்பக்கத்து மெல்லிய மரமான வெளிறைத்தான் தேடும், நடுவில இருக்கிற கெட்டி மரமான வைரத்தைத் தொடாது. மலிவா வேண்டின பலகையில மஞ்சள் வெளிறு எவ்வளவு நிக்குதெண்டு வேண்டேக்க பாத்தால் பிறகு என்னை ஏசத் தேவையில்லை. முதிரைதான் வேணுமெண்டு நிக்கிறவைக்கும் ஒண்டு, பெர்மிட் இல்லாத மரத்தை ராவில ஏத்திக்கொண்டு வாறவனிட்டை வேண்டாதேங்கோ, பிடிபட்டால் மரமும் போய் வாகனமும் போயிடும்.

இதில பயமா இருக்கிற விசயம் ஒண்டு. வேலிக் கட்டைக்குப் பூசுற கழிவு எஞ்சின் ஒயிலைக் குசினி அலுமாரிக் காலுக்கும் தட்டுக்கும் பூசுறவையை நான் கண்ணால கண்டிருக்கிறன். அந்த ஒயிலுக்குள்ள புற்றுநோய் வருத்துற சாமானும் ஈயம் மாதிரி உலோகமும் கிடக்கு, அந்தத் தட்டிலதான் பிள்ளையளுக்குப் பாண் வைக்கிறியள். வயலுக்கு அடிச்சு மிஞ்சின மருந்தை அலுமாரிக்குப் பின்னால அடிக்கிற வேலை அதைவிட மோசம், மரம் போனால் வேற மரம் வேண்டலாம்.

துப்பரவாக்கிறது பெரிய வித்தையில்லை. விறகுப் புகையும் எண்ணெயும் சேர்ந்த பிசுக்குக்கு (2022இல காஸ் இல்லாம எல்லாரும் விறகுக்குத் திரும்பின நேரம் புதுக் கபேட் எல்லாம் கறுத்துப்போச்சு) இளஞ்சூட்டுத் தண்ணியில பாத்திரம் கழுவுற சவர்க்காரம் கொஞ்சம், துணியை நல்லாப் பிழிஞ்சு துடைச்சு, உடனே காஞ்ச துணியால ஒருக்கா. போகாத இடத்துக்கு மட்டும் அப்பச்சோடா. கம்பித் தும்பு வேண்டாம், வார்னிஷைக் கீறிப்போடும். சிங்குக் குழாயில எங்கட கிணத்துத் தண்ணி படியவைக்கிற வெள்ளைக்கு வினாகிரி நனைச்ச துணியை அரை மணித்தியாலம் சுத்தி வையுங்கோ, சீமெந்து மேடையிலயோ மாபிளிலயோ ஊத்திப்போடாதேங்கோ, அரிச்சுப்போடும். வினாகிரியையும் குளோரினையும் மட்டும் ஒண்டாக் கலக்கவே கூடாது, வாற புகை மூச்சை அடைக்கும்.

லின்சீட் ஒயில் பூசி மரத்தை மினுக்கிறது நல்லதுதான், சாப்பாடு படுற பலகைக்கு இல்லை. பூசின துணியைக் கசக்கி மூலையில எறியாதேங்கோ, அது காயேக்க தானாச் சூடாகி நெருப்புப் பத்தும், ஒருத்தரும் பத்தவைக்கத் தேவையில்லை. என்ரை பட்டறையில எண்ணெய்த் துணியை விரிச்சு வெளிக் கொடியில போடுறது சட்டம், புதுசா வாற பெடியளுக்கு உளி பிடிக்க முதல் சொல்லிக்குடுக்கிறது இது.

காஸ் சிலிண்டரைக் கபேட்டுக்குள்ள மறைச்சுத் தாங்கோ எண்டு இப்ப கனபேர் கேக்கினம். செய்யலாம், ஆனா அடியில காத்துப் போற ஓட்டை வைக்காமச் செய்யமாட்டன். காஸ் காத்தை விடப் பாரம், கசிஞ்சால் மேல போகாது, கபேட் அடியில தேங்கி நிக்கும். ஓட்டையை மேல வைச்சுப்போட்டு காத்தோட்டம் இருக்கெண்டு சொல்லுற வேலையைப் பாத்திருக்கிறன். எலி வருமெண்டு அந்த அடி ஓட்டையைத் துணியால அடைச்சிருந்த வீட்டையும் பாத்திருக்கிறன். எலிக்குக் கம்பிவலை அடிக்கலாம், துணி அடைக்கேலாது. காஸ் ரியூப்பை எலி கடிச்சிருக்கோ எண்டும் அப்பப்ப பாருங்கோ.

பங்குனியில அந்த அக்கா வீட்டுக்குப் போன அண்டைக்கு, கதவு வேலை முடிய அவ திருவலையைக் கொண்டுவந்து வைச்சா. "இதுக்கு என்ன தம்பி செய்யலாம்?" அலகு பூட்டின இடத்தைச் சுத்தி மரம் கறுத்து, தேங்காய்ப்பால் ஊறி ஊறிப் பஞ்சு மாதிரி, அலகைப் பிடிச்சு அசைச்சால் ஆடுது. குந்தி இருக்கிற பலகை முதிரை, கைபட்டு மினுமினுத்து, வைரம் அப்பிடியே. அலகைக் கழட்டினன், பஞ்சை உளியால சுரண்டி எடுத்தன், வேற முதிரைத் துண்டு ஒண்டைக் கட்டையா இறக்கிப் பசை வைச்சு, அரை இஞ்சி தள்ளிப் புதுசாத் துளைச்சுப் பூட்டினன். தேங்காய் திருவினாப்பிறகு கழுவித் தண்ணியோட மூலையில சாத்தாம, அலகு கீழ பாக்கத் தொங்கவிடுங்கோ அக்கா எண்டு சொன்னன். கூலி எவ்வளவெண்டு கேட்டா. கதவுக்கு மட்டும் தாங்கோ எண்டன். பொறுக்கச் சொன்னதுக்குக் கழிச்சுத்தான் தருவன் எண்டு சொல்லிக்கொண்டு காசை எண்ணினா.