ஒரே டிரைவரில் மூன்று நிறமா? அந்தச் சிவப்பு எல்இடி என்ன பாவம் செய்தது?

மறுபடியும் ஒரு டார்ச், மறுபடியும் சிவப்பு மட்டும் கருகியிருக்கிறது. பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் வாங்கிய அலுமினிய பாடி, நான்கு நிற எல்இடி, பழைய வெள்ளை டார்ச்சிலிருந்து பிடுங்கிப் போட்ட ஒற்றை டிரைவர் (எல்இடிக்குக் கரண்ட்டை அளந்து தரும் சர்க்யூட்), நிறம் மாற்ற மூன்று சின்ன ஸ்விட்ச். கூடவே வழக்கமான புகார்: "எல்இடி டூப்ளிகேட் சார், கடையில ஏமாத்திட்டாங்க." கடைக்காரரைத் திட்டாதீர்கள். எல்இடி நல்ல எல்இடிதான், கொன்றது டிரைவர்.

ஸ்கந்தகிரி மலையில் விடியுமுன் இருட்டில் ஏறுகிறவர்கள், ஊருக்கு வெளியே போய் வானம் பார்க்கிறவர்கள், அபார்ட்மென்ட் காவலர்களுக்குச் சிவப்பு–பச்சை டார்ச் செய்து கொடுக்கிறவர்கள் என்று நிறம் மாறும் டார்ச்சைத் தானே செய்துவிடும் ஆசை பெங்களூரில் பலருக்கு இருக்கிறது. நல்ல ஆசைதான். ஆனால் எல்லோரும் ஒரே இடத்தில் வழுக்குகிறார்கள்: "செல் 3.7 வோல்ட், எல்இடி 3 வோல்ட் சொச்சம், கிட்டத்தட்ட சரியாத்தானே இருக்கு?"

சரியாக இல்லை. எல்இடிக்கு நாம் கொடுப்பது வோல்ட் அல்ல, கரண்ட். இத்தனை மில்லி ஆம்ப் என்று முடிவு செய்து தள்ளினால், அதற்குத் தேவையான வோல்ட்டை எல்இடியே எடுத்துக்கொள்ளும். அந்த வோல்ட் நிறத்துக்கு நிறம் வேறு. 350 மில்லி ஆம்பில் சிவப்பு 2.2 வோல்ட் அளவில் நிற்கும். நீலம், வெள்ளை இரண்டும் 3.1 பக்கம், பச்சை 3.3 வரை போகும். செய்யப்படும் பொருளே வேறு என்பதால் இது பேட்ச் மாற்றினால் சரியாகிற விஷயம் இல்லை. சிவப்பு அலுமினியம்–இண்டியம்–காலியம் பாஸ்பைடு, பச்சையும் நீலமும் இண்டியம்–காலியம் நைட்ரைடு.

இப்போது மூன்றையும் பேரலலாக ஒரே 1 ஆம்ப் டிரைவரில் கொடுத்தால் என்ன நடக்கும்? சிவப்பு 2.2 வோல்ட்டிலேயே வழி திறந்துவிடும். பச்சைக்கும் நீலத்துக்கும் அந்த வோல்ட் போதாது, கண் திறக்காது. ஆக 1 ஆம்பும் சிவப்பு வழியே போகும். பந்தியில் ஒரே ஆள் மூன்று இலைச் சாப்பாட்டையும் சாப்பிட்டால் அவர் வயிறு என்ன ஆகும்?

உடனே ஒரு பதில் வரும்: "சிவப்புக்கு சீரிஸ்ல ஒரு ரெசிஸ்டர் போட்டுட்டேனே!" கணக்கு காகிதத்தில் அழகாகத்தான் இருக்கும். நீலம் 3.1, சிவப்பு 2.2, வித்தியாசம் 0.9 வோல்ட். 0.35 ஆம்புக்கு 2.57 ஓம், கடையில் 2.7 ஓம் கிடைக்கும், போட்டாயிற்று. அந்த ஒரு புள்ளியில் மட்டும் இது வேலை செய்யும். வெளிச்சத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் அந்த ரெசிஸ்டரில் விழுவது வெறும் 0.1 வோல்ட். சிவப்பு மறுபடி எல்லாவற்றையும் தானே இழுத்துக்கொள்ளும். பச்சை ஸ்விட்சை அணைத்தால் அதன் பங்கு மற்ற இரண்டின் தலையில் விழும். போதாததற்கு, எல்இடி சூடாகச் சூடாக அதன் வோல்ட் இறங்கும். சூடானது இன்னும் அதிகமாக இழுக்கும், இழுத்ததால் இன்னும் சூடாகும்.

டிரைவரே வேண்டாம், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ரெசிஸ்டர் போட்டு நேராக செல்லில் கொடுத்துவிடலாம் என்கிறவர்களும் உண்டு. சிவப்புக்கு 5.6 ஓம், நீலத்துக்கு 3 ஓம் என்று வையுங்கள். முழு சார்ஜில், 4.2 வோல்ட்டில், இரண்டிலும் 360 மில்லி ஆம்ப் அளவில் ஓடும். செல் 3.4 வோல்ட்டுக்கு இறங்கியதும் சிவப்பில் 230 பக்கம் மிச்சமிருக்கும், நீலம் 150க்கு விழுந்துவிடும். ஆரம்பத்தில் வெள்ளையாகத் தெரிந்தது சார்ஜ் இறங்க இறங்க ரோஸ் ஆகிவிடும்.

எல்லாவற்றிலும் மோசம் ஃபெட் டைரக்ட் டிரைவ், அதாவது கரண்ட் வரம்பே இல்லாமல் ஒரு மாஸ்ஃபெட் ஸ்விட்ச் வழியே செல்லை நேராக எல்இடிக்குக் கொடுப்பது. வெள்ளை டார்ச்சில் அது ஓடியதைப் பார்த்துத்தான் இந்தத் தைரியம் வருகிறது. வெள்ளையில் கரண்ட் ஏற ஏற வோல்ட்டும் ஏறி செல்லை எட்டிப் பிடிக்கும், தட்டுத் தடுமாறித் தப்பிக்கும். சிவப்புக்கும் முழு செல்லுக்கும் நடுவில் 2 வோல்ட் இடைவெளி. அதைத் தடுத்து நிறுத்த ஸ்பிரிங்கும் ஒயரும் மட்டும்தான் இருக்கின்றன. ஒரு முறை பட்டனை அழுத்தினால் கதை முடிந்தது.

ஆக, ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கரண்ட் வழி. இதில் பேரம் இல்லை.

ஒற்றை 18650 லித்தியம் அயான் செல்லுக்கு எளிதாகக் கிடைப்பது ஏஎம்சி7135 என்ற கரண்ட் கட்டுப்பாட்டுச் சிப். ஒரு சிப் 350 மில்லி ஆம்ப், 340 முதல் 380 வரை ரகம் பிரித்து வரும். இது எல்இடியின் மைனஸ் பக்கம் உட்காருகிற சிப், அதனால் எல்இடி காமன் ஆனோடாகவோ (எல்லா நிறத்துக்கும் பிளஸ் பொது), தனித்தனிக் காலோடோ இருக்க வேண்டும். காமன் கேத்தோடு (மைனஸ் பொது) பீட், அதாவது எல்இடி மணி, வாங்கிவிட்டு "மூணும் சேர்ந்தே எரியுது" என்று வராதீர்கள். வாங்கும்போதே மல்டிமீட்டரை டயோடு மோடில் வைத்துப் பார்த்துவிடலாம். நீல டையில் (டை என்பது உள்ளே ஒளிரும் சில்லு) மங்கலாகக்கூட ஒளி வராவிட்டால் மீட்டர் தருகிற வோல்ட் போதவில்லை என்று பொருள், எல்இடி செத்ததாக அர்த்தமில்லை. க்ரீ எக்ஸ்எம்-எல் கலர் மாதிரி எட்டு பேடு உள்ள எல்இடி என்றால் இந்தத் தலைவலியே இல்லை. 5 மில்லிமீட்டர் சதுரத்தில் நான்கு டை, ஒவ்வொன்றும் 1 ஆம்ப் வரை, அடியில் இருக்கும் வெப்ப பேடு எந்த மின்சாரத்தோடும் சேராதது. மலிவான பீட்களில் அடிப்பகுதி ஆனோடோடு சேர்ந்திருக்கலாம். அதையும் மீட்டரில் பார்த்துவிட்டு பாடியில் ஒட்டுங்கள்.

7135 லீனியர் சிப். மிஞ்சிய வோல்ட்டை வெப்பமாக்கித் தன் தலையிலேயே கட்டிக்கொள்ளும். முழு செல்லில் நீலத்துக்கு மிஞ்சுவது 1.1 வோல்ட், சிப்பில் 0.39 வாட், சமாளிக்கும். சிவப்புக்கு மிஞ்சுவது 2 வோல்ட், 0.7 வாட். அந்தச் சின்ன சிப்புக்கு இது கழுத்தளவு. ரெசிஸ்டர் போட வேண்டிய சரியான இடம் இதுதான்: சிவப்பு சேனலில் சீரிஸாக 1.5 ஓம், அரை வாட். 0.52 வோல்ட் ரெசிஸ்டரில் விழுந்து சிப்பின் பாரம் 0.52 வாட்டுக்கு இறங்கும். 2.2 ஓம் போட்டால் இன்னும் இறங்குமே என்று தோன்றும். போட்டால் 3 வோல்ட் செல்லில் சிப்புக்குத் தேவையான 0.12 வோல்ட் மிஞ்சாது, கட்டுப்பாடு போய்விடும். சிவப்புக்கு 1 ஆம்ப் வேண்டுமென்றால் மூன்று 7135 அடுக்காதீர்கள். மிஞ்சிய வோல்ட் எல்லாம் வெறும் சூடாகப் போகும். சிவப்புக்கு மட்டுமாவது பக் கன்வர்ட்டர் (அதிகம் சூடாக்காமல் வோல்ட்டை இறக்கித் தரும் சர்க்யூட்) போடுங்கள்.

பச்சையின் தொல்லை இதற்கு நேர் எதிர். செல் 3.4 வோல்ட்டுக்கு வந்ததும் 350 மில்லி ஆம்பைப் பிடித்து வைக்க முடியாது. கலவை நிறம் இன்னும் கொஞ்ச நேரம் மாறாமல் இருந்தால் போதும் என்றால் பச்சையை 200 மில்லி ஆம்புக்குள் வைத்து மற்றதை அதற்கேற்பக் குறையுங்கள், கடைசி வரை மாறக்கூடாது என்றால் இரண்டு செல் சீரிஸுக்குப் போங்கள்.

இரண்டு செல் என்றதும் எல்லோரும் எடுப்பது பிடி4115 என்ற பக் டிரைவர் சிப். நல்ல சிப்தான், 6 முதல் 30 வோல்ட் வரை தாங்கும், கரண்ட்டைக் கணக்கிட 0.1ஐ சென்ஸ் ரெசிஸ்டரால் (கரண்ட்டை அளக்கும் ரெசிஸ்டர்) வகுத்தால் போதும், 0.33 ஓமுக்கு 300 மில்லி ஆம்ப். ஆனால் அதன் சென்ஸ் ரெசிஸ்டர் பிளஸ் பக்கம் இருக்கிறது. மூன்று பிடி4115க்கு மூன்று தனி ஆனோடு வேண்டும். காமன் ஆனோடு எல்இடியை அதில் கோத்தால் மூன்று சென்ஸும் ஒன்றாகிவிடும், எந்தச் சிப்புக்கும் தன் கரண்ட் எவ்வளவு என்று தெரியாது. போர்டு அச்சடித்து வந்த பிறகு இதைக் கண்டுபிடிக்கிறவர்களைப் பார்த்தால் திட்டவும் மனசு வராது.

கட்டுப்பாட்டுக்கு ஏடிடைனி85 மைக்ரோகண்ட்ரோலர் போதும், மூன்று தனி பிடபிள்யூஎம் (வேகமாக அணைத்து எரித்து வெளிச்சத்தைக் குறைக்கும் முறை) கால்கள் உண்டு: பிபி0, பிபி1, பிபி4. நான்கு நிறம் என்றால் ஏடிடைனி1616. 8 மெகாஹெர்ட்ஸில் 8 பிட் வேக பிடபிள்யூஎம் 31 கிலோஹெர்ட்ஸ், ஃபேஸ் கரெக்ட் என்ற இன்னொரு முறையில் 15.7. அந்த வேகத்தில் 7135 முழித்துக்கொள்வதற்குள் துடிப்பு முடிந்துவிடும், அடிமட்ட அளவுகளில் விளக்கே எரியாது. நிலா வெளிச்ச மோடு வேண்டுமென்றால் அதற்கு மட்டும் வேகத்தைக் குறையுங்கள். அதற்காக ஆர்டுயினோவின் 490 ஹெர்ட்ஸிலேயே விட்டால் போன் கேமராவில் பட்டை பட்டையாகத் தெரியும், கையை ஆட்டினால் விரல்கள் விட்டுவிட்டுத் தெரியும்.

செல் வோல்ட் பார்க்க மேலே 330 கிலோ ஓமும் கீழே 100 கிலோ ஓமும் பிரிப்பானாகப் போடுங்கள். வோல்ட்டை எண்ணாக்கித் தரும் சிப்பின் ஏடிசியில், 1.1 வோல்ட் ரெஃபரன்ஸில், முழு செல்லுக்கு 909, 3 வோல்ட்டுக்கு 649 என்று எண் வரும். கீழ் ரெசிஸ்டரோடு 0.1 மைக்ரோஃபாரட் ஒன்று கட்டாயம், இல்லாவிட்டால் எண் தள்ளாடும். 3 வோல்ட்டில் படிப்படியாக மங்கச் செய்து பிறகு அணையுங்கள். மலைப் பாதையில் நடுவழியில் பட்டென்று இருட்டாக்காதீர்கள். செல்லைத் திருப்பிப் போடுகிற ஆள் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் உண்டு, அவருக்காக ஏஓ3401 மாதிரி ஒரு பி-சேனல் மாஸ்ஃபெட். "9900" என்று அச்சடித்த 18650 எதையும் தொடாதீர்கள். நல்ல கம்பெனி செல்லே 3500 மில்லி ஆம்ப் ஹவர் பக்கம்தான்.

இனி பெஞ்சில் அதிகம் காண்கிற மரணம். டிரைவர் சரி, எல்இடி சரி, ரெசிஸ்டர் சரி, இருந்தும் சிவப்பு போய்விட்டது. ரிஃப்ளெக்டரைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பாருங்கள். எல்இடி உட்காரும் நட்சத்திர வடிவ ஸ்டார் போர்டின் ஓட்டை விளிம்பில் ஒயரின் தோல் உரிந்து ஒரு மினுக்கு தெரியும், அல்லது சால்டர் மேடு ரிஃப்ளெக்டரின் அடியைத் தொட்ட தடம் இருக்கும். டார்ச் பாடி என்பது செல்லின் மைனஸ். எல்இடியின் மைனஸ் ஒயர் பாடியைத் தொட்ட மறுகணம் 7135ஐச் சுற்றிக்கொண்டு முழு செல்லும் எல்இடி மேல் இறங்கும். டிரைவர் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும். எனவே சிலிகான் ஒயர் மட்டும், ஓட்டை விளிம்பை ஊசி அரத்தால் தேய்த்துவிட்டு, ரிஃப்ளெக்டருக்கு அடியில் பிளாஸ்டிக் கேஸ்கெட் வைத்து மூடுங்கள். மூடிய பிறகு ஒவ்வொரு மைனஸ் ஒயருக்கும் பாடிக்கும் நடுவே மீட்டர் பீப் அடிக்கவில்லை என்று உறுதி செய்த பிறகுதான் செல்லைப் போட வேண்டும்.

முதல் முறை செல் போட்டே சோதிக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பெஞ்ச் பவர் சப்ளையை 4.2 வோல்ட், 100 மில்லி ஆம்ப் வரம்பில் வைத்து ஒரு நிறம், பிறகு அடுத்தது. வரம்பை ஏற்றிய பிறகு 4.2லிருந்து 3.0 வரை 0.2 வோல்ட்டாக இறக்கி, ஒவ்வொரு நிறத்தின் கரண்ட்டையும் எழுதுங்கள். மீட்டரை மில்லி ஆம்ப் ரேஞ்சில் சீரிஸாகப் போட்டால் அதன் ஃப்யூஸிலேயே வோல்ட் விழுந்து பொய்க் கணக்கு வரும். 0.1 ஓம் ரெசிஸ்டர் வைத்து அதன் மேல் மில்லிவோல்ட் பாருங்கள், 35 என்றால் 350 மில்லி ஆம்ப்.

சூடு பற்றி நிறைய எழுதலாம், இரண்டே விஷயம் சொல்கிறேன். நான்கு டையும் 1 ஆம்பில் எரிந்தால் எல்இடி மட்டுமே 12 வாட்டுக்குக் குறையாது. கையடக்க டார்ச் அதைத் தொடர்ந்து தாங்காது, தெர்மிஸ்டர் வைத்து 60 டிகிரியில் குறையுங்கள். இரண்டாவது, சூட்டில் சிவப்பின் வெளிச்சம் மற்ற நிறங்களைவிட வேகமாக விழும். அதனால்தான் குளிர்ந்த டார்ச்சில் சரிபார்த்த வெள்ளை பத்து நிமிடத்தில் நீலம் தட்டுகிறது. பத்து நிமிடம் எரியவிட்டுப் பிறகு நிறத்தைச் சரிசெய்யுங்கள்.

பயன்படுத்துகிறவர்களுக்கும் ஒன்று. சிவப்பு, பச்சை, நீலம் கலந்த வெள்ளையை நம்பி மீட்டர் பெட்டியைத் திறந்து ஒயர் நிறம் பார்க்காதீர்கள். தனிச் சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பு ஒயரும் வெள்ளை ஒயரும் ஒன்றுபோலவே தெரியும். அதற்குத்தான் நான்காவதாக வெள்ளை டை இருக்கிறது. புற ஊதா சேனல் சேர்க்கிறவர்கள் அதைத் தனி மோடில் வையுங்கள், சுற்றிச் சுற்றி வரும் பட்டன் வரிசையில் கலக்காதீர்கள். 365 நானோமீட்டர் வெளிச்சம் கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும், குழந்தை அதையே முறைத்துப் பார்க்கும். வீட்டில் செய்த சிவப்பு–பச்சை டார்ச்சை ரயில்வே வேலைக்குக் கொண்டுபோகவே கூடாது. ரயில்வேயின் மூவண்ணக் கைவிளக்குக்கு, அதன் ஆராய்ச்சி, தர நிர்ணய அமைப்பான ஆர்டிஎஸ்ஓவின் விவரக்குறிப்பு தனியாக உண்டு.

போர்டு செய்து தரச் சொல்லி வருகிறவர்கள் "ஆர்ஜிபி டார்ச், 17 எம்எம் போர்டு" என்று ஒற்றை வரியில் நிறுத்தாதீர்கள். எல்இடியின் டேட்டாஷீட், காமன் ஆனோடா தனிக் காலா என்பது, ஒவ்வொரு நிறத்துக்கும் உச்ச கரண்ட், செல் ஒன்றா இரண்டா, போர்டு உட்காரும் குழியின் விட்டமும் ஆழமும் வெர்னியரில் அளந்த எண்ணாக, போர்டின் வெளி வளையம் பாடியோடு சால்டரா அல்லது திருகு வளையமா என்பது, இவ்வளவும் வேண்டும். திருகு வளையம் என்றால் உள்விளிம்பில் இருக்கும் கறுப்பு அனோடைசிங்கைச் சுரண்டி மீட்டர் பீப் அடிக்கும் வரை சுத்தம் செய்துவிட்டுக் கொண்டுவாருங்கள்.