கிணற்றுச் சுவரில் ஒரு சிவப்புக் கோடு

வேலூர் மாவட்டத்து ஒடுகத்தூருக்கு அருகே என் பெரியப்பாவின் நிலத்தில் உள்ள வெட்டுக்கிணற்றின் கைப்பிடிச்சுவரில், படி இறங்கும் இடத்துக்கு வலப்புறமாக, இரண்டு விரல் நீளத்துக்குச் சிவப்பு பெயிண்டில் ஒரு கோடு இருக்கிறது. மாதம் பிறந்ததும் முதல் நாள் விடியற்காலையில், மோட்டார் போடுவதற்கு முன், அந்தக் கோட்டிலிருந்து டேப்பைத் தொங்கவிட்டு, தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதிவைப்பது அவர் வழக்கம். கிணற்றில் தண்ணீர் எப்படி என்று யாராவது கேட்டால் மட்டும், எல்லா விவசாயிகளையும் போல அவரும் “ரெண்டு மணி நேரம் ஓடும்” என்றுதான் பதில் சொல்வார். மோட்டார் ஓடும் நேரம் அன்றைய பாய்ச்சலுக்குப் பயன்படும் கணக்கு. ஆனால் மோட்டாரின் குதிரைத்திறன் மாறினால், தூர் வாரினால், கிணற்றை இன்னும் ஐந்தடி தோண்டினால் அந்தக் கணக்கு பழைய ஆண்டோடு பொருந்தாமல் போய்விடும். இருபது ஆண்டுகளை ஒப்பிட வேண்டுமானால் அளவை அடியிலிருந்து எடுக்காமல், அசையாத ஓரிடத்தில், அதாவது தரைமட்டத்தில் தொடங்கிக் கீழ்நோக்கி எடுக்க வேண்டும்.

அளக்கும் முறை எளிது. எஃகு டேப்பின் நுனிப் பகுதியில் ஒரு மீட்டருக்குச் சாக்பீஸைத் தேய்த்து, எடை கட்டி இறக்குவார்கள். டேப்பின் 12 மீட்டர் குறி கைப்பிடிச்சுவரின் கோட்டில் நிற்குமாறு பிடித்து, பிறகு மேலே இழுத்தால், நனைந்த இடத்தில் சாக்பீஸின் நிறம் மாறியிருக்கும். நுனியிலிருந்து 0.64 மீட்டர் நனைந்திருந்தால், கோட்டிலிருந்து தண்ணீர் 11.36 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. கோடு தரையிலிருந்து 0.80 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அதைக் கழிக்க, தரைமட்டத்துக்குக் கீழே 10.56 மீட்டர் என்று கிடைக்கும். ஆழ்துளைக் கிணற்றின் குழாய்க்குள் எட்டிப் பார்க்க முடியாது என்பதால், அங்கே நுனியில் மின்முனைகள் உள்ள நாடாவை இறக்குவார்கள். முனைகள் தண்ணீரைத் தொட்டதும் மின்சுற்று மூடி, மேலே ‘பீப்’ ஒலி கேட்கும்.

இந்த வேலையில் டேப்பைவிட முக்கியமானது அந்தச் சிவப்புக் கோடு. நான் பார்த்த இன்னொரு நோட்டில் ஒரே மாதத்தில் தண்ணீர் சரியாக 45 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. அதற்குப் பிறகு வந்த எல்லா மாதங்களிலும் அதே இறக்கம் ஒட்டிக்கொண்டே வந்தது. விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது: குழந்தைகள் எட்டிப் பார்க்கிறார்கள் என்று கைப்பிடிச்சுவரை ஒன்றரை அடி உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் இருந்த இடத்தில்தான் இருந்தது, சுவர்தான் ஏறியிருந்தது. தேதியைக் குறித்துவைத்திருந்தால் ஒரு கழித்தலில் சரியாகிவிடும். குறிக்காவிட்டால் அது காலத்துக்கும் வறட்சியாகவே படிக்கப்படும்.

விடியற்காலையில் அளப்பதற்கும் காரணம் உண்டு. மோட்டார் ஓடும்போது கிணற்றிலும் அதைச் சுற்றியுள்ள பாறையிலும் நீர்மட்டம் கவிழ்த்துவைத்த கூம்பு போலக் கீழே குழிந்துவிடும். மோட்டாரை நிறுத்திய பிறகு ஊற்றுக்கண்கள் வழியே நீர் சுரந்து அந்தக் குழிவு மெதுவாக நிரம்பும். மணற்பாங்கான இடத்தில் இது சீக்கிரம் நடந்துவிடும், எங்கள் பக்கத்துப் பாறைக் கிணறுகளில் ஓர் இரவு முழுவதும் ஆகலாம். இரவில் மும்முனை மின்சாரம் வந்து பக்கத்து நிலத்து போர் ஓடியிருந்தால், விடியற்காலை அளவும் கெட்டுவிடும். அதனால்தான் பெரியப்பாவின் நோட்டில் சில தேதிகளுக்குப் பக்கத்தில் “பக்கத்துல ஓடுச்சு” என்று எழுதியிருக்கிறது. ஆய்வாளர்கள் தனியாகக் கண்காணிப்புக்கென்றே, மோட்டார் பொருத்தாத ‘பீசோமீட்டர்’ குழாய்களைப் பதிப்பதும் இந்தத் தொல்லைக்குப் பயந்துதான்.

இனி, அந்த எண் எதைச் சொல்கிறது என்பதைப் பார்க்கலாம். பழைய வட ஆற்காட்டின் பெரும்பகுதி கடினப் பாறை நிலம். மேலே மண், அதன் கீழே சிதைந்து நொறுங்கிய சுக்காம்பாறை, அதற்கும் கீழே வெடிப்புகள் மட்டுமே உள்ள கெட்டிப்பாறை. சுக்காம்பாறையின் கொள்ளளவில் நமக்கு வடிந்து கிடைக்கும் நீர் ஏறக்குறைய நூற்றில் ஒன்று முதல் மூன்று பங்குதான். கெட்டிப்பாறையில் அதுவும் இல்லை. பாலாற்று மணலிலோ அது 15 பங்கு அளவுக்கு இருக்கலாம். 100 மில்லிமீட்டர் மழை பெய்து, அதில் பத்தில் ஒரு பங்கு நிலத்துக்குள் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 10 மில்லிமீட்டர் நீர், நூற்றில் இரண்டு பங்கு மட்டுமே இடம் தரும் பாறையில் நீர்மட்டத்தை அரை மீட்டர் உயர்த்தும். பாலாற்று மணலில் 7 சென்டிமீட்டருக்கு மேல் உயர்த்தாது.

பாறைக் கிணறு மழைக்குத் துள்ளி ஏறுவதைப் பார்த்து நாம் மகிழ்ந்துபோகிறோம். உண்மையில் அது பாத்திரம் சிறியது என்பதன் அடையாளம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர்மட்டம் 3 மீட்டர் ஏறியதென்றால், அதே நூற்றில் இரண்டு பங்குக் கணக்கில் ஓர் ஏக்கர் நிலத்துக்கு அடியில் சேர்ந்த நீர் சுமார் 2.4 லட்சம் லிட்டர். நெல்லுக்கு ஒரு போகத்தில் மழையும் பாய்ச்சலும் சேர்ந்து சுமார் 1,200 மில்லிமீட்டர் தேவை என்று கொண்டால், ஏக்கருக்கு 48 லட்சம் லிட்டருக்கு மேல் ஆகிறது. நிலக்கடலைக்கு 500 மில்லிமீட்டர் என்றாலும் 20 லட்சம் லிட்டர். கிணறு நிரம்பி வழிந்த தை மாதத்திலேயே நெல் போடத் துணிகிறவர், சித்திரையில் மோட்டார் காற்றை இழுக்கும்போது திகைப்பது இந்தக் கணக்கைப் போடாததால்தான்.

ஒரே நிலத்தில் உள்ள வெட்டுக்கிணறும் போரும் வேறுவேறு அளவைக் காட்டுவதிலும் வியப்பில்லை. வெட்டுக்கிணறு சுக்காம்பாறையின் நீர்மட்டத்தைக் காட்டுகிறது. நூற்றுக்கணக்கான அடி இறங்கிய போர், ஆழத்து வெடிப்பில் உள்ள நீரின் அழுத்தத்தைக் காட்டுகிறது. இரண்டையும் ஒரே வரிசையில் எழுதிச் சராசரி எடுப்பது, வீட்டுத் தொட்டியின் அளவையும் தெருக்குழாயின் அழுத்தத்தையும் கூட்டி இரண்டால் வகுப்பது போலத்தான்.

இப்போது பல கண்காணிப்புக் குழாய்களில் தானியங்கிப் பதிவுக் கருவிகள் தொங்குகின்றன. தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் ஓர் அழுத்த உணரி, தனக்கு மேலே உள்ள நீரின் எடையை அளந்து, குறித்த இடைவெளியில் பதிவு செய்கிறது. ஆனால் நீரின் மேல் காற்றும் அழுத்துகிறது. வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் நாள்தோறும் காலை, இரவு பத்து மணிவாக்கில் உச்சத்துக்கும், விடியலுக்கு முன்னும் பிற்பகலிலும் நான்கு மணிவாக்கில் தாழ்வுக்கும் போய்வரும். 1 மில்லிபார் அழுத்தம் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் நீருக்குச் சமம் என்பதால், காற்றின் பங்கைக் கழிக்க மறந்த பதிவில், யாரும் இறைக்காத கிணறுகூட நாளுக்கு இருமுறை சில சென்டிமீட்டர் ஏறி இறங்குவதாகத் தோன்றும். இதற்காகவே மேலே இன்னொரு உணரியை வைத்துக் காற்றழுத்தத்தைத் தனியாகப் பதிவு செய்கிறார்கள். அப்படியும் அவ்வப்போது யாராவது போய் டேப்பால் அளந்து சரிபார்க்க வேண்டியிருக்கிறது என்பது எனக்கு ஒருவகையில் ஆறுதலாக இருக்கிறது.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆண்டுக்கு நான்கு முறை, ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களில் அளக்கிறது. நீண்டகாலப் போக்கைப் பார்க்க மே மாதத்தை மே மாதத்தோடும் ஜனவரியை ஜனவரியோடும் மட்டுமே ஒப்பிட வேண்டும். தொடங்கும் ஆண்டையும் முடிக்கும் ஆண்டையும் தேர்ந்தெடுப்பதில்தான் பலரும் வழுக்குகிறார்கள். வட தமிழகத்தில் 2015-இல் கனமழை, 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது, 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம். 2016 ஜனவரியில் தொடங்கி 2017-இல் முடித்தால் கிணறுகள் பாழாகிவிட்டதாக நிறுவலாம். 2017-இல் தொடங்கி 2022 ஜனவரியில் முடித்தால் எல்லாம் செழித்துவிட்டதாக நிறுவலாம். இரண்டும் மழையின் கதைகள். மழைக்கணக்கைக் கழித்த பிறகும் முப்பது ஆண்டுகளில் எஞ்சும் சரிவோ ஏற்றமோதான் நம் இறைப்பின் கதை.

மாவட்டச் சராசரியைப் படிக்கும்போதும் கவனம் வேண்டும். 1989-இல் வட ஆற்காடு பிரிந்து திருவண்ணாமலைப் பக்கம் தனியாயிற்று. 2019-இல் இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. பெயர் ‘வேலூர்’ என்றே இருந்தாலும், பாலாற்று மணற்படுகையில் இருந்த பல கிணறுகள் பட்டியலிலிருந்து வெளியே போய்விட்டதால், சராசரியை அப்படியே ஒப்பிட முடியாது. கிணற்றுக்குக் கிணறு பார்ப்பதுதான் வழி.

எனக்கு எல்லாவற்றையும்விடக் கவலை தருவது வெற்றுக் கட்டங்கள். கிணறு வறண்டுபோனால் அளக்க எதுவும் இல்லை என்று அளப்பவர் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார். சில ஆண்டுகளில் அந்தக் கிணறே பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது. எஞ்சியிருப்பவை தண்ணீர் உள்ள கிணறுகள் மட்டுமே என்பதால், நிலைமை மோசமாக மோசமாகச் சராசரி மேம்பட்டுக்கொண்டே போகும். வறண்ட கிணறும் ஓர் அளவைத் தருகிறது: நீர்மட்டம் அதன் அடித்தளத்துக்கும் கீழே போய்விட்டது என்பதே அது. பெரியப்பாவின் நோட்டில் 2017 மே மாதத்துக்கு நேராக, மற்ற மாதங்களைப் போலவே மீட்டர் கணக்கில், “14.20-க்குக் கீழ், பாறை தெரியுது” என்று எழுதியிருக்கிறது.